மனிதன் வீட்டில் இருக்கிறான்

"மேடம், இந்த மொழியில வீட்டுக்கு என்ன பேரு தெரியுமா? பேய்."

ஊசி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"பேயா?"

"பேயேதான். கல்யாணம் ஆன எவனோதான் பேரு வச்சிருக்கான்."

"உனக்கு இன்னும் ஆகலையே. உனக்கெப்படித் தெரியும்?"

"வெளியில நின்னு பாக்கிறவனுக்குத்தான் மேடம் வீடு முழுசாத் தெரியும்."

மேடம் ஜன்னலோரம் நின்று, கையிலிருந்த புகைப்படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் எரிந்துபோன கோடவுன்களை மோப்பம் பிடித்து, நெருப்பு தானாக வந்ததா அழைத்து வரப்பட்டதா என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் வேலையை விட்டார். விட்டு, அதே பொய்யர்களைச் சொந்தப் பொறுப்பில் பார்ப்பதற்காக இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தார். கீழே பல் ஆஸ்பத்திரி, மேலே அலுவலகம். கீழே இயந்திரம் கிர்ரென்று சுற்றும்போதெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்கள் உண்மையைச் சீக்கிரம் சொல்லிவிடுவார்கள்.

ஊசி அவருடைய உதவியாளன். ஆள் பூசணிக்காய் மாதிரி இருப்பான். பெயர் உடம்பைப் பார்த்து வைத்ததல்ல, வாயைப் பார்த்து வைத்தது.

காலையில்தான் கீழ் வீட்டுப் பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறி வந்திருந்தார். அவருடைய தங்கை ஒரு டைல்ஸ் வியாபாரியின் வீட்டில் வேலை பார்க்கிறாள். சமையல் வேலை அல்ல. வியாபாரி ஊருக்கெல்லாம் குளியலறை ஓடு விற்றுச் சேர்த்த பணத்தில், மாடியில் ஒரு சொந்த அருங்காட்சியகம் வைத்திருந்தார். அங்கே கிழிந்த பழைய ஏடுகளை ஒட்டிச் செப்பனிடுவது அவள் வேலை.

அந்த அருங்காட்சியகத்தின் ராஜா ஒரே ஒரு தோல் ஏடு. அதில் காப்டிக் மொழியில் நாலு வரி. பழைய எகிப்திய மொழியின் கடைசி வாரிசு அது. இன்றைக்கு அதை யாரும் வீட்டில் பேசுவதில்லை, கோயில் பிரார்த்தனையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அந்த நாலு வரியை மொழிபெயர்த்து, விளக்கவுரை எழுதி, பளபளப்பான தாளில் தடிப்புத்தகமாகப் போட்டவர் ஒரு பண்டிதர். வியாபாரியின் செலவில், வியாபாரியின் படத்தோடு.

போன வாரம் வெளியிலிருந்து வந்த ஒரு மை நிபுணர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "தோல் பழசு, மை புதுசு," என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அவருக்கு மை தெரியும். மொழி தெரியாது.

வியாபாரி யோசித்தார். அதாவது, கத்தினார். "நிஜமான ஏட்டை எடுத்துட்டுப் போலியை வச்சிருக்காங்க. பெட்டிச் சாவி அந்தப் பொண்ணுகிட்டதான் இருந்துச்சு." சாயங்காலத்துக்குள் நிஜ ஏடு வரவேண்டும், இல்லையென்றால் போலீஸ் என்று கெடு வைத்துவிட்டார்.

"அவ கிழிஞ்சதை ஒட்டறவ மேடம். திருடறவ இல்ல," என்றார் பல் டாக்டர். சொல்லும்போது குரல் உடைந்தது. தினமும் பிறரை அழவைக்கிறவர் அழுதால் பார்க்கச் சகிக்காது. மேடம் உடனே ஒப்புக்கொண்டார்.

மேடம் முதலில் செய்த காரியம், ஒரு காப்டிக் பாடப்புத்தகம் வாங்கி வரச் சொன்னது. அதுவும் ஆரம்பநிலைப் புத்தகம்.

"நாலு வரியில என்ன எழுதியிருக்குன்னு தெரியாம யாரைத் தேடறது?" என்றார்.

"பண்டிதர்தான் மொழிபெயர்த்திருக்காரே," என்று ஊசி தடிப்புத்தகத்தைப் பிரித்துப் படித்தான். "'ஆழிக்கு அப்பால் உறையும் ஆதிச் சுடரே, நின் ஆறு வாயில்களையும் திற. நாவாய் வந்துவிட்டது.' நல்லாத்தானே இருக்கு."

"அதான் சந்தேகமா இருக்கு."

ஆகவே அந்த மத்தியானம் ஊசி மாணவனானான். எழுத்துகள் பெரும்பாலும் கிரேக்கம். மீதிச் சில எழுத்துகள் அந்த மொழியின் சொந்தச் சரக்கு. ஒன்று ரெண்டு மாதிரி, ஒன்று ஆறு மாதிரி, ஒன்று ஒன்பது மாதிரி இருந்தன. "பாதி மொழி, பாதி கணக்குப் பரீட்சை," என்றான் ஊசி. "மனுஷனுக்கு ரோமே. முன்னாடி ஒரு 'ப்' ஒட்டினா அந்த மனுஷன், ப்ரோமே. பொம்பளைன்னா 'ப்' போடக்கூடாது, 'தெ' போடணும். தெஸ்ஹிமே. கேக்கறதுக்கு ஸோத்ம். கேக்கலைன்னு சொல்றதுக்கு, எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டுக் கடைசியில ஒரு 'அன்'னு வைக்கணும். கடைசி வரைக்கும் நம்ப வச்சுக் கழுத்தறுக்கிற மொழி மேடம்."

"ஏட்டைப் படி."

மேடம் ஏட்டின் புகைப்படத்தை அவன் முன்னால் வைத்தார். ஊசி விரல் வைத்து எழுத்துக்கூட்டினான். முதல் வகுப்புப் பிள்ளை போல உதடு அசைந்தது. பிறகு அசையாமல் நின்றது. அவன் புத்தகத்தைப் புரட்டினான். ஏட்டைப் பார்த்தான். மறுபடி புத்தகத்தைப் பார்த்தான்.

"மேடம், எனக்கு ஞானம் வந்துடுச்சா, இல்ல பசி மயக்கமா தெரியல. இது 'மனிதன் வீட்டில் இருக்கிறான்.'"

"அப்புறம்?"

"'பெண் பேசுகிறாள்.' அப்புறம் 'மனிதன் கேட்கவில்லை.' கடைசி வரி 'சகோதரி வீட்டில் இல்லை.' அவ்வளவுதான். சுடரும் இல்ல, வாயிலும் இல்ல. நாவாய் எங்க மேடம் வந்துச்சு?"

"நாவும் வாயும் பண்டிதரோடது. அதான் நாவாய்."

ஊசி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். ஏட்டின் முதல் ரெண்டு வரியும் ஆறாம் பாடத்தின் வாசிப்புப் பகுதியில் அச்சு அசலாக இருந்தன. ஆயிரக்கணக்கான வருஷம் பழசு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்த ஞானம், பள்ளிப்பிள்ளைப் பாடம்.

"போலிதான். இந்தப் புத்தகத்தைப் பாத்துக் காப்பியடிச்சிருக்கான்," என்றான் ஊசி. "கேஸ் முடிஞ்சுது. சாப்பிடலாமா?"

"மூணாவது வரி புத்தகத்துல எப்படி இருக்கு?"

ஊசி பார்த்தான். "வாசிப்புப் பகுதியில இல்ல. கீழ பயிற்சியில இருக்கு. 'மனிதன் கேட்கிறான்.' நாலாவது, 'சகோதரி வீட்டில் இருக்கிறாள்.' மேல ஒரு குறிப்பு, 'எதிர்மறையாக மாற்றுக.'"

"ஏட்டுல மாத்தி எழுதியிருக்கு. சரியா மாத்தியிருக்கா?"

புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருந்தன. ஊசி ஒப்பிட்டான். "நூத்துக்கு நூறு. பொறாமையா இருக்கு."

"ரெண்டாவது வரியில 'பெண்' பக்கத்துல ஒரு எழுத்தைச் சுரண்டியிருக்கு பார்."

"அதைப் பத்தி பண்டிதர் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கார். 'சமயப் பகையால் சுரண்டப்பட்ட ஒரு தேவியின் திருநாமம்'னு." ஊசி பூதக்கண்ணாடியைக் குனிந்து பிடித்தான். பிறகு நிமிர்ந்தான். "தேவி இல்ல மேடம். 'ப்' போட்டிருக்காங்க. பொம்பளைக்கு 'தெ'ன்னு ஞாபகம் வந்ததும் சுரண்டிட்டுத் திருத்தியிருக்காங்க. இதே தப்பை நான் இன்னிக்கு மூணு தடவை பண்ணேன்."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. கணக்கு விடையில் இடிக்கும்போது வருகிற முகம் அது.

"போலி பண்றவன் பாத்து எழுதுவான். எதுக்கு ஊசி பயிற்சியைச் செய்யறான்?"

கீழே யாரோ பெருங்குரலில் "ஆ" என்றார்கள். ஊசியிடம் அதைவிட நல்ல பதில் இல்லை.

*

புத்தகக் கடைக்காரர் புத்தகத்தை அடையாளம் கண்டதும் தர்மசங்கடப்பட்டார்.

"அதை மறக்க முடியுமாங்க. அட்டையில காப்டிக்னு பாத்ததும் காப்பி போடறதைப் பத்தின்னு நெனச்சு சமையல் வரிசையில வச்சுட்டேன். ஒரு வருஷமா ஹோட்டல்காரங்க எடுத்துப் பாத்துட்டு என்னைப் பாத்துட்டுப் போவாங்க."

"இதுக்கு முன்னாடி யாராவது வாங்கினாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"ஒருத்தர் வரவழைச்சுத் தரச் சொன்னாங்க. வெளியூர்லருந்து ரெண்டு பிரதி வந்துச்சு. ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணு காலைல நீங்க வாங்கினது."

"யார் அவங்க?"

"போன்லதான் சொன்னாங்க. யாரோ பேசினாங்க, லைன் சரியில்ல. டைல்ஸ்காரர் வீட்டு டிரைவர் வந்து வாங்கிட்டுப் போனார். 'காகிதம் சுத்திக் குடுங்க, யாரும் பாக்கக்கூடாது'ன்னார். நான் ஏதோ அந்த மாதிரிப் புத்தகம்னு நெனச்சு அப்புறம் நானே எடுத்துப் பாத்தேன். ஏமாற்றமா இருந்துச்சு."

வெளியே வந்ததும் ஊசி விரலை மடக்கினான். "டைல்ஸ்காரர் வீட்டுக்குப் போயிருக்கு. அந்த வீட்ல காப்டிக் பேசற வாய் ஒண்ணே ஒண்ணு. பண்டிதர். புத்தகத்தை வரவழைச்சு, தோல்ல எழுதி, தானே கண்டுபிடிச்சு, தானே விளக்கவுரை எழுதி, தானே மாலை போட்டுக்கிட்டார். புடிச்சு உள்ள போட்டுடலாம்."

"அப்போ அர்த்தத்தை ஏன் தப்பா எழுதினார்?"

"ஆறாம் பாடம்னு சொன்னா மாலை போடுவாங்களா?"

"சரி. அவருக்கு ஒரு பரீட்சை வைப்போம்." மேடம் பேக்கரி வாசலில் நின்று ஒரு பழுப்புக் காகிதப் பை வாங்கினார். "உனக்கு எழுத்தெல்லாம் வந்துடுச்சில்ல? நான் சொல்றதை அந்த எழுத்துல எழுது."

அவர் ஊசியின் காதில் ஏதோ சொன்னார். ஊசி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா குழந்தையை இடுப்பிலேற்றிக்கொண்டு தள்ளிப் போனார்.

*

டைல்ஸ்காரரின் அருங்காட்சியகத்தில் சுவர், தரை, கூரையின் பாதி எல்லாம் ஓடு. பார்வையாளர்கள் பொருட்களைப் பார்த்ததைவிடத் தங்கள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் விளக்கு வெளிச்சத்தில் தோல் ஏடு. மூலையில் வேலை மேஜை. அதன் பக்கத்தில் ஒரு முக்காலியில் பல் டாக்டரின் தங்கை உட்கார்ந்திருந்தாள். கையில் வேலை இல்லாமல், கழுவிய தூரிகையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கெடு முடிஞ்சுது, போலீஸுக்குச் சொல்லியாச்சு," என்றார் டைல்ஸ்காரர். "நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியல."

"இன்னொரு ஏடு விஷயமா. என் கட்சிக்காரர் ஒருத்தர்கிட்ட இருக்கு. ஐயா பாத்துச் சொன்னா உபயோகமா இருக்கும்."

ஐயா என்ற சொல் கேட்டதும் ஜன்னலோரத்திலிருந்து பண்டிதர் எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு சங்கிலியில் தொங்கியது. அதை அவர் போட்டுக்கொள்வதே ஒரு விழா போல இருந்தது. ஊசி பழுப்புக் காகிதத்தில் எழுதிப் புகைப்படமெடுத்த பிரதியை இரண்டு கையாலும் நீட்டினான். பணிவு அவனுக்குப் பொருந்தாத சட்டை. பொத்தான் தெறிக்கிற மாதிரி இருந்தது.

"ஆகா," என்றார் பண்டிதர்.

அந்த நேரத்தில் டைல்ஸ்காரரின் மனைவி தட்டில் டீ கொண்டு வந்தாள். ஆள் வைத்திருந்தும், பண்டிதர் வந்தால் டீ அவள்தான் கொண்டுவர வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அவள் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. பண்டிதரின் தோளுக்குப் பின்னால், தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பண்டிதரின் விரல் எழுத்துகளின் மேல் நகர்ந்தது, வலமிருந்து இடமாக. இடமிருந்து வலமாகப் படிக்கவேண்டும் என்று பாடப்புத்தகம் முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தது. ஊசி இருமினான். மேடம் இருமவில்லை. அவர் பண்டிதரைப் பார்க்கவேயில்லை.

பண்டிதர் கண்ணை மூடினார். தலையை மெல்ல, ஆழமாக, மேலும் கீழும் ஆட்டினார்.

"இது ஒரு அந்திப் பாடல். 'விண்ணின் வாயிற்காப்போனே, என் பாதங்களின் புழுதியைப் பொறுத்தருள்.' அபூர்வமான நடை. இதை எழுதினவன் பெரிய துறவியா இருக்கணும்."

டைல்ஸ்காரரும் தலையை ஆட்டினார். "துறவிதான். பாத்தாலே தெரியுது."

அப்போதுதான் அது கேட்டது. மூக்கு வழியாக வெடித்த ஒரு சிரிப்பு. டீக் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. எல்லோரும் திரும்பினார்கள். டைல்ஸ்காரரின் மனைவி புறங்கையால் வாயை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"புரையேறிடுச்சு," என்றாள்.

"டீ குடிக்கிறவங்களுக்குத்தாம்மா புரையேறும்," என்றார் மேடம். "நீங்க கொடுக்க வந்தவங்க."

தட்டை மேடம் வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு ஊசியைப் பார்த்தார். "என்ன எழுதச் சொன்னேன்னு ஐயாவுக்குப் படிச்சுக் காட்டு."

ஊசி தொண்டையைச் செருமினான். "எழுத்து காப்டிக். மொழி தமிழ். 'ஐயாவுக்கு இது புரியாது, ஆனாலும் தலையை ஆட்டுவார்.'"

பண்டிதரின் தலை ஆட்டத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. டைல்ஸ்காரர் தன் தலையும் அதே நிலையில் இருப்பதை உணர்ந்து நேராக்கிக்கொண்டார்.

"இந்த ரூம்ல அந்த எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான் சிரிச்சிருக்க முடியும்," என்றார் மேடம். "அந்த ஏட்டுல இருக்கிறது ஆறாம் பாடத்துப் பயிற்சி. விடையெல்லாம் சரி. ஒரு எழுத்துத் தப்பாப் போட்டுச் சுரண்டித் திருத்தியிருக்கு. ஏமாத்த நெனைக்கிறவங்க பயிற்சி செய்ய மாட்டாங்க. அது போலி ஏடு இல்ல. வீட்டுப்பாடம். உங்களுதுதானேம்மா?"

அந்த அம்மா கணவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "என்னுதுதான்."

டைல்ஸ்காரர் மனைவியைப் புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"நீங்க ரெண்டு பேரும் தினம் சாப்பாட்டு மேஜையில இந்த மொழியைப் பத்தியே பேசுவீங்க. நான் பரிமாறிக்கிட்டு நிப்பேன். என்னதான் பேசறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு டிரைவரை விட்டுப் புத்தகம் வாங்கினேன். மூணாவது பாடம் முடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாதுன்னு."

ஊசி மேடத்தின் காதருகே, "நான் இந்த வீட்லயே வேலைக்குச் சேந்துக்கட்டுமா?" என்றான்.

"தெரிஞ்சப்புறம் ஏன் நிறுத்தல?" என்று மேடம் அந்த அம்மாவைக் கேட்டார்.

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டிருந்தது. "அந்தப் புத்தகம் கேள்வி கேக்கும். நான் பதில் சொல்லணும். தப்பா, சரியான்னு கடைசிப் பக்கத்துல அது சொல்லும். இந்த வீட்ல என்கிட்ட பதில் எதிர்பாத்து யாரும் எதுவும் கேட்டதில்ல. 'டீ ஆயிடுச்சா'ங்கிறது தவிர."

பழைய புத்தகங்களின் அட்டைக்குள்ளிருந்து எடுத்த வெறும் தோல் தாள்கள் வேலை மேஜை இழுப்பறையில் கிடந்திருக்கின்றன. பழைய மாதிரியே எழுதிப் பார்க்கலாமே என்று ஒரு மத்தியானம் அதில் ஒன்றை எடுத்து ஆறாம் பாடத்துப் பயிற்சியை எழுதியிருக்கிறாள். மை காயட்டும் என்று வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வருவதற்குள் பண்டிதர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நான் அன்னிக்கே சொல்ல வந்தேன். 'அது வந்து'ன்னு ஆரம்பிச்சேன். 'நீ சும்மா இரு, இதெல்லாம் உனக்குப் புரியாது'ன்னு இவர் சொன்னார். சரின்னு சும்மா இருந்தேன். அப்புறம் பெட்டி வந்துச்சு. விளக்கு வந்துச்சு. என் கையெழுத்து முன்னாடி பெரிய பெரிய ஆளுங்க கை கட்டிட்டு நின்னாங்க. இவரும் நின்னார். நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நல்லா இருந்துச்சு."

ஊசிக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மேடத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

முக்காலியிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள். மேடம் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. குரல் உயரவில்லை.

"நேத்து நான் இதே இடத்துல அழுதுக்கிட்டு இருந்தப்போ நீங்கதான்மா டீ கொண்டாந்து கொடுத்தீங்க. தலையைத் தடவி, 'கவலைப்படாதே, உண்மை ஒருநாள் வெளிய வரும்'னீங்க."

அந்த அம்மா அவள் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். 

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன்," என்றாள்.

"எப்போ?" என்றார் மேடம். "இவ உள்ள போனதுக்கு அப்புறமா, முன்னாடியா? இவங்க ரெண்டு பேரும் உங்களுக்குக் காது கொடுக்கல, வாஸ்தவம். அதுக்கு இந்தப் பொண்ணு என்ன பண்ணினா?"

அந்த அம்மாவின் கண் நிரம்பியது. மேடம் அதற்காகக் காத்திருக்கவில்லை, அதைத் துடைக்கவும் முன்வரவில்லை. இன்ஷூரன்ஸ் காலத்திலிருந்தே அவருக்குக் கண்ணீரின்மேல் பெரிய மரியாதை கிடையாது. அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்.

டைல்ஸ்காரருக்குள் வியாபாரி முதலில் விழித்துக்கொண்டார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. போலீஸ்ல நான் பேசிக்கிறேன், ஏதோ தவறுதல்னு சொல்லிடறேன். ஏட்டைப் பத்தி யாரும் வெளிய பேச வேண்டாம். ஐயாவோட புத்தகம் எல்லாம் ஏற்கனவே ஊரெல்லாம் போயாச்சு. அந்தப் பொண்ணு நாளைக்கே வேலைக்கு வரட்டும்."

"இன்னொரு கோணமும் இருக்கு," என்றார் பண்டிதர். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு இல்லத்தரசிக்குள்ள அந்த மொழி தானா மறுபிறவி எடுத்திருக்கு. இதை ஒரு இரண்டாம் பாகமா..."

"ஐயா, இதுக்கும் தலையை ஆட்டச் சொல்லாதீங்க, எனக்குக் கழுத்து வலிக்குது," என்றான் ஊசி.

"நான் நாளைக்கு வரல," என்றாள் செப்பனிடும் பெண், டைல்ஸ்காரரைப் பார்த்து. "எனக்கு வேண்டியது ஒண்ணுதான். நான் எடுக்கலைன்னு நீங்க புகார் கொடுத்த இடத்துலயே சொல்லணும். தவறுதல்னு இல்ல. யார் எழுதினாங்கன்னு சொல்லணும்."

"அதெல்லாம் எப்படிம்மா முடியும். நாலு பேர் சிரிப்பாங்க."

"நான் வந்து சொல்றேன்," என்றாள் மனைவி.

"நீ எங்கயும் போகல. உள்ள போ, அப்புறம் பேசிக்கலாம்."

அவள் உள்ளே போகவில்லை. கண்ணாடிப் பெட்டியிடம் போனாள். மூடியில் கை வைத்தவள், பூட்டைப் பார்த்து நின்றாள். அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கிக்கொண்ட சாவி இப்போது கணவரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

செப்பனிடும் பெண் வந்து, மூடியின் ஒரு பக்கத்தை அழுத்தி மறுபக்கத்தைத் தூக்கினாள். பெட்டி பூட்டோடு திறந்துகொண்டது.

"பெட்டி வந்த அன்னிக்கே சொன்னேன் சார், இது சரியாப் பூட்டலைன்னு," என்றாள். அவ்வளவு நாள் அவளைத் திருடி என்று சொல்ல வைத்த சாவி, டைல்ஸ்காரரின் பையில் சும்மா கிடந்தது.

அந்த அம்மா ஏட்டை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒருதரம் படித்துப் பார்த்தாள், பரீட்சைத் தாளைத் திரும்ப வாங்கிய பிள்ளை மாதிரி. பிறகு அதை மார்போடு வைத்துக்கொண்டாள்.

"ஸ்டேஷனுக்கு எங்க வண்டியிலயே போயிடலாம்," என்றார் மேடம். "இவங்க அண்ணனும் கீழ காத்திருக்கார்."

"நான் முன் சீட்ல உட்காந்துக்கறேன்," என்றாள் செப்பனிடும் பெண், யாரையும் பார்க்காமல். அந்த அம்மா புரிந்துகொண்டு தலையசைத்தாள். பின் சீட்டில் தனியாக உட்காரவேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதும் தெரிந்திருந்தது.

"நான் சொல்லிக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்குக் கிளம்பினா என்ன அர்த்தம்?" என்றார் டைல்ஸ்காரர். அவர் குரல் ஓடுகளில் பட்டுத் திரும்பி அவருக்கே வந்தது.

படி வாசலில் அவள் நின்றாள். திரும்பிக் கணவரைப் பார்த்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, காப்டிக்கில், 'அன்' என்று முடிகிற ஒரு வாக்கியம் சொன்னாள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள்.

மேலே, பளபளத்த அந்த அறையில், டைல்ஸ்காரர் காலிப் பெட்டியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வழக்கம்போலப் பண்டிதர் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னா?"

பண்டிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அது சங்கிலியில் தொங்கி ஆடி ஓயும்வரை காத்திருந்தார்.

"தெரியலைங்க," என்றார்.